நடந்து பார்த்து வாங்கிய சவுண்ட் செட்

செம்மணலும் பனையும் தவிர வேறெதுவும் கண்ணை மறிக்காத தேரிக்காட்டு ஊர்களில், ஒரு சவுண்ட் செட் நல்லதா மோசமா என்று யாரும் அதன் பக்கத்தில் நின்று கேட்டுப் பார்ப்பதில்லை, நடந்துதான் பார்ப்பார்கள். பெட்டியில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டில் நடப்பார்கள், பாட்டு எந்த இடத்தில் காதை விட்டுப் போகிறதோ அந்த இடத்தில் ஒரு கல்லைப் போடுவார்கள், கல் விழுந்த தூரத்தை வைத்து விலை பேசுவார்கள். பந்தலுக்குள் இருக்கிறவனுக்குப் பாட்டு கேட்பது ஒரு பெரிய காரியமா, அவன்தான் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறானே, அழைக்காத ஊருக்கும் கேட்டால்தானே விசேஷ வீட்டுக்காரனுக்குப் பெருமை என்று அவர்கள் பாட்டன் காலத்துக் குழாய் ரேடியோவிலிருந்து நம்பி வந்தார்கள். அந்த வழக்கத்தில் ஓட்டை இருக்கும் என்று ஒருவரும் நினைத்ததில்லை, இசக்கிப்ரியாவும் நினைக்கவில்லை.

ஆனால் எதையும் சோதிக்காமல் நம்புகிற பெண் இல்லை அவள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள், பஸ்ஸின் பலகையைப் படித்த பிறகும் கண்டக்டரிடம் ஊர் பேரைச் சொல்லிக் கேட்பாள். மேலப்பனைவிளையில் அவர்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் அவள். ஒரு பருப்பு மில்லில் கணக்கு எழுதினாள். முதலில் படித்து வந்தவளுக்கு ஒரு தப்பு செய்யக்கூட இடம் கிடையாது, அவள் தப்பு செய்தால் படிப்பே தப்பாகிவிடும் என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. அவளுடைய தம்பி சுயம்பு பாடுவான். கீபோர்டு வாசிக்கிற ஜெபராஜையும், குச்சியால் தட்டினால் டிரம்ஸ் சத்தம் வருகிற பேடை அடிக்கிற கொம்பையாவையும் சேர்த்துக்கொண்டு அவன் செம்மண் இன்னிசைக் குழு என்று ஒன்றை ஆரம்பித்திருந்தான். வாடகைக்குப் பேசிய சவுண்ட் செட்டுக்காரன் முகூர்த்த நாள் வந்தால் பெரிய குழுவோடு போய்விடுவான், இவர்கள் மூன்று பேரும் கழுவிய கையோடு பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள். இப்படி நாலைந்து தடவை ஆனதும், சொந்தமாக ஒரு செட் வாங்குவது என்று தீர்மானம் ஆயிற்று. செயின் எடுக்கச் சேர்த்து வைத்திருந்ததை இசக்கிப்ரியா கொடுத்தாள். கொடுத்தவளே தேர்ந்தெடுக்கவும் வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான், ஏனென்றால் இந்த உலகத்தில் அவன் நம்பிய காது அக்காவின் காது ஒன்றுதான்.

அவள் கடை கடையாக ஏறினாள். டவுனில் கண்ணாடி வைத்த கடையில் இருந்த புது செட் அவள் கனவில் வந்தது, விலை மட்டும் அப்பா பால்துரையின் லோடு ஆட்டோ விலையாக இருந்தது. சக்கரம் வைத்து இழுத்துப் போகிற ஒற்றைப் பெட்டி கைக்கு எட்டுகிற விலைதான், ஆனால் மேல்ஸ்தாயி போனால் தகரத்தில் கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பெட்டி தேன் மாதிரிப் பாடியது, உள்ளே கம்பிச்சுருள் கருகினால் சுற்றித் தர இந்தச் சீமையில் ஆள் கிடையாது. எழுதியிருக்கிற வாட்ஸ் இருக்கட்டும், உண்மையில் எவ்வளவு வரும் என்று கேட்டாள், ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கினால் தாங்குமா, மிக்ஸரில் எத்தனை மைக் போடலாம், ரெண்டு பேர் தூக்கிவிட முடியுமா, மழைத்தூறல் பட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டாள். அவள் படியேறுவதைப் பார்த்தாலே கடைக்காரர்கள் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். இருந்தாலும் அவள் கேட்டாள், கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள், ஒன்றைத் தவிர.

கடைசியில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், தொழிலை விடப்போகிற ஞானமுத்து என்பவரின் கொட்டகையில், ஒரு மிக்ஸரும் இரண்டு கறுப்புப் பெட்டிகளும் கிடைத்தன. பழசுதான், ஆனால் பெட்டியின் மூலைகூட உடையாமல் சுத்தமாக இருந்தது. ஞானமுத்து இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். காது வலி என்றார். அவர் வரிசையாகப் பாட்டுகளைப் போட்டுவிட்டு நடந்து பாருங்க என்றதும், இசக்கிப்ரியாவும் தம்பியும் ஜெபராஜும் கொம்பையாவும் வழக்கப்படி திரும்பி நடந்தார்கள். முதலில் ரயில் ஒன்று போனதால் எதுவும் கேட்கவில்லை, பிறகு லாரிகள் போனதால் கேட்கவில்லை, அதன் பிறகு பாட்டு மெல்ல வந்து அவர்கள் தோளைத் தொட்டது. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். ஊர் முகப்பு ஆர்ச்சைத் தாண்டினார்கள், செங்கல் சூளையைத் தாண்டினார்கள், அடுத்த ஊரின் பள்ளிக்கூடத்தையும் தாண்டினார்கள், பாட்டு மங்கவில்லை, நடக்க நடக்கத் தெளிந்தது, சலங்கையின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக எண்ணுகிற மாதிரி தெளிந்தது. கொம்பையா கல்லை வாய்க்காலில் எறிந்துவிட்டுச் சிரித்தான். பஸ் பிடித்துத் திரும்பி வந்தபோது பாட்டு முடிந்திருந்தது, ஞானமுத்து பெட்டிகளை ஏற்கனவே துணியால் மூடிக் கட்டியிருந்தார்.

முதல் நிகழ்ச்சி ஆலங்கிணற்றில் தங்கப்பழம் அண்ணாச்சி மகளின் பூப்புச் சடங்கு. அண்ணாச்சி பந்தலைத் தெருவடைக்கப் போட்டிருந்தார், மாமன்மார் சீர்த்தட்டோடு வரிசையாக வந்தார்கள், சுயம்பு மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்தது, ஜெபராஜின் விரல்கள் ஓடின, கொம்பையாவின் குச்சிகள் குதித்தன, பந்தலுக்குள் குழந்தை சிணுங்குவதும் இலை விரிப்பதும்தான் கேட்டது. மைக்கை விட்டு வாயை விலக்கினால் அவன் குரல் சாதாரணமாக இருந்தது, மைக்குக்குள் போனது போனதுதான், பக்கத்தில் நின்ற கொம்பையாவுக்குக்கூட அது எட்டவில்லை. மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்த இசக்கிப்ரியா ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் செருகினாள், ஒவ்வொரு குமிழாகத் திருகினாள், விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. இது என் தப்பு, இது என் தப்பு என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தபோது அண்ணாச்சியின் ஃபோன் அடித்தது. சொக்கன்விளையிலிருந்து அவருடைய பங்காளி பேசினார். இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி. மகளுக்குச் சடங்கு வைத்து ஊரைக் கூட்டினால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா, பாட்டு இங்கே என் வீட்டு அடுப்படியில் கேட்கிறது, நான் எப்படிச் சாப்பிட என்று அவர் அழுதார். அதற்குப் பின்னால் கீழக்குடியிருப்பிலிருந்து பேசினார்கள், உப்பளத்து லைன் வீடுகளிலிருந்து பேசினார்கள். தங்கப்பழம் அண்ணாச்சி எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்த சுயம்புவைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"பாடு மக்கா, நிறுத்தாத. எட்டூருக்குக் கேக்கு."

இப்படித்தான் அது தெரிந்தது. எட்டப் போனால் கேட்கும், கிட்ட வந்தால் கேட்காது. அந்தப் பக்கத்து ஜனங்கள் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. ஒரு கிணறு உப்பாகவும் பக்கத்துக் கிணறு இனிப்பாகவும் இருக்கிற ஊர்தானே, ஒரு பெட்டி இப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிட்டு, இனிமேல் ஆக வேண்டியதைப் பார்த்தார்கள்.

ஆக வேண்டியது நிறைய இருந்தது. ஆண்கள் மொய் எழுதியதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் எல்லைக்கு வெளியே போய்ப் பாட்டுக் கேட்டுவிட்டுப் பந்திக்குத் திரும்பினார்கள், அவர்களுக்காக அங்கே ஒரு டீக்கடை வந்தது, டீக்கடைக்குப் பக்கத்தில் சுண்டல்காரர் வந்தார். மேடைக்கு முன்னால் ஆடுகிற பையன்கள் கொம்பையாவின் குச்சியைப் பார்த்து ஆடக் கற்றுக்கொண்டார்கள், பார்த்து ஆடினால்தான் தாளம் தப்பாது என்று பிறகு சாதித்தார்கள். காதில் விழுந்தால் விசேஷத்துக்கு வந்த மாதிரிதானே, அப்படியென்றால் மொய் செய்ய வேண்டுமா என்று சொக்கன்விளையில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கேட்டவன் மொய் செய்ய வேண்டும், செய்தவனுக்கு விசேஷ வீட்டுக்காரன் தூக்குச்சட்டியில் சோறு அனுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று. பால்துரை லோடு ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டுச் சாம்பாரை ஏற்றிக்கொண்டு போனார். படிக்கிற பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று தூரத்து ஊர்க்காரர் யாரோ புகார் கொடுக்க, சத்தத்தை அளக்கிற கருவியோடு ஒரு எஸ்.ஐ. வந்தார், பெட்டிக்கு முன்னால் நின்றார், கருவி அவருடைய மூச்சைத் தவிர வேறொன்றையும் காட்டவில்லை. நல்ல பிள்ளைகளாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்களே என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பந்தலுக்குள் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஊர் எல்லைக்குப் போக முடியாது, போனால் ஏன் போனாய் என்று நாலு பேர் கேட்பார்கள், அதனால் அந்தச் சத்தமில்லாத பந்தலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கு அது பிடித்துப்போனது. இத்தனை காலம் விசேஷ வீட்டில் ஒருத்தி காதில் ஒருத்தி கத்தி, அரைகுறையாகக் கேட்டு, தலையை ஆட்டிவிட்டு வந்தவர்கள் இப்போது முழுசாகப் பேசினார்கள். கட்டிக்கொடுத்த இடத்தில் மகள் எப்படி இருக்கிறாள் என்று தாய் கேட்டாள், மகள் சொன்னது தாய்க்குக் கேட்டது, சில பந்தல்களில் மகள் அந்த நாளே தாயோடு திரும்பிப் போனாள். செம்மண் குழுவின் செட் இல்லாத கல்யாணத்துக்கு வரமாட்டோம் என்று பெண்கள் சொன்னார்கள், அந்த செட் இல்லாவிட்டால் பக்கத்து ஊருக்குக் கேட்காது என்று ஆண்கள் சொன்னார்கள். இசக்கிப்ரியா பயந்துபோய் ஒரு தடவை வாடகைக்கு வேறு செட் கொண்டுவந்தாள், விசேஷ வீட்டுக்காரர் ஏமாற்றிவிட்டாய் தாயி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஞானமுத்துவைத் தேடிப் போனபோது கொட்டகையில் வாழைத்தார் ஏலம் நடந்துகொண்டிருந்தது, அப்படி ஒருத்தர் இருந்ததே யாருக்கும் நினைவில்லை.

தொழில் நன்றாக நடந்தது. நாள் கேட்டு ஆட்கள் காத்திருந்தார்கள். ஆனால் பாடுகிறவனுக்கு அவன் பாட்டு கேட்கவில்லை.

சுயம்பு முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வீட்டில் கீபோர்டோடு பழகும்போது எல்லாம் சரியாக இருந்தது, அதையே மேடையில் ஞாபகத்தை வைத்துப் பாடினான். ஜெபராஜுக்குக் கீபோர்டின் கட்டை இருந்தது, அமுக்கினால் அதற்குரிய சத்தம் எங்கேயோ போய் விழத்தான் செய்யும், கொம்பையாவுக்குக் குச்சி இருந்தது. தம்பிக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவன் மைக்குக்குள் போட்ட குரல் கிணற்றில் விழுந்த வாளி மாதிரிப் போனது, விழுந்த சத்தமும் வரவில்லை. தூரத்தில் கேட்டவர்கள் வந்து சூப்பர் தம்பி என்றார்கள், அவர்கள் சுண்டலையும் சூப்பர் என்கிறவர்கள். அப்பா நல்லாத்தான் இருக்கு என்றார், அவர் ஆஸ்பத்திரி ரொட்டியையும் நல்லாத்தான் இருக்கு என்றவர். ஊர் எல்லையில் நின்று ஒருவன் ஃபோனில் பிடித்துக்கொண்டு வந்தான், போட்டுப் பார்த்தால் அதில் பனையோலை உரசுவதும் ஒரு நாய் குரைப்பதும் இருந்தன, பாட்டு இல்லை. காதை மூடுகிற ஹெட்ஃபோன் ஒன்றை இசக்கிப்ரியா வாங்கி மிக்ஸரில் செருகினாள், அதற்குள்ளும் ஒன்றும் வரவில்லை. அவள் குமிழைத் திருகினாள், என்ன மாறுகிறது என்று தெரியாமலே ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் திருகினாள், எல்லாரையும்விடப் பெட்டிக்குக் கிட்ட உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

சுயம்பு மெலிந்துகொண்டே வந்தான். சாப்பிடும்போது நடுவில் ஆ என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வான். ஐப்பசியில் ஒரு மழைநாள், பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு முகத்தைக் காட்டாமல் கேட்டான்.

"எக்கா, நான் எப்டிப் பாடுதேன்?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. "எனக்குத் தெரியலயேலே. நான் கேட்டதே இல்ல."

"நீ கேட்டுச் சொல்லு. நல்லாயில்லன்னு நீ சொன்னா விட்டிருதேன், அப்பாகூட லோடுக்குப் போறேன். நல்லாயிருக்குன்னு சொன்னா அத வச்சி ஓட்டிருவேன். ஊருக்கெல்லாம் கேக்குன்னு சொல்லுதாவ, எனக்கு என்னமோ நான் வாய மட்டும் அசைக்க மாதிரியே இருக்கு."

ஆக, அவள் தேர்ந்தெடுத்த பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதையும் அவளேதான் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. அவள் ஒரு சாயங்கால நிகழ்ச்சியில் மிக்ஸரை ஜெபராஜிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் எல்லை டீக்கடைக்கு நடந்துபோனாள். அவள் தலை தெரிந்ததும் டீக்கடையே எழுந்து நின்றது. இருட்டுகிற நேரத்தில் ஒரு பெண் தனியாக வந்தால் சும்மா இருக்கலாமா, நாற்காலி போட்டார்கள், யார் மகள் என்று கேட்டார்கள், பால்துரை மகளா என்று கேட்டார்கள், வீட்டில் ஏதும் சண்டையா என்று கேட்டார்கள், தாயி டீ குடி என்றார்கள், ஆளுக்கு ஒருவராக அப்பாவுக்கு ஃபோன் போட்டார்கள். பாட்டு அவர்கள் அக்கறைக்குப் பின்னால் எங்கேயோ நடந்துகொண்டிருந்தது. அவளைப் பத்திரமாகப் பந்தலில் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் அவர்கள் திரும்பினார்கள். மேடையில் தம்பி அவள் முகத்தைப் பார்த்தான், அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழக்குடியிருப்பு கோயில் வளாகத்தில் பகல் நேரத்துக் காதுகுத்து வந்தது. இசக்கிப்ரியா குமிழ்கள் நகராமல் செல்லோடேப் ஒட்டினாள், தம்பியின் ஃபோனை அவன் சட்டைப் பையில் போட்டு ஒயரை அவன் காதில் செருகினாள், அப்பாவின் லோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எங்கேட்டி போகணும் என்று பால்துரை கேட்டார். தம்பி பாடுவது கேட்கிற இடத்துக்கு என்றாள். அவர் வண்டியை எடுத்தார்.

சொக்கன்விளையின் முதல் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் நிழல் இருந்தது, நிழலில் பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பேசுகிறவர் யாரும் இல்லை. பிச்சம்மாள் என்கிற நடுவயதுக்காரி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள், எந்த ஊர் என்று கேட்கக்கூட வாயைத் திறக்கவில்லை, இலையை நறுக்கிய கையால் மேலே காட்டினாள். பனைகளுக்கு மேலே, மதிய வெயிலுக்குள்ளிருந்து, பாட்டு ஆரம்பித்தது.

இசக்கிப்ரியா முதல்முறையாகக் கேட்டாள். கீபோர்டு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது, பேட் நெஞ்சுக்குள் அடித்தது, எந்தக் கண்ணாடிக் கடையிலும் அவள் கேட்காத ஓசை, அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய செட் உண்மையாகவே நல்ல செட். அதற்கு நடுவில் தம்பியின் குரல் வந்தது. முதல் வரி வீட்டில் பாடுவது போலவே வந்தது. இரண்டாவது வரியில் அது இறங்க ஆரம்பித்தது. கரண்ட் போன வீட்டில் படியைக் காலால் தடவுகிற ஆள் மாதிரி, அங்கே இருக்கும் என்று நினைத்த இடத்தில் காலை வைத்தது, அங்கே படி இல்லை. கொஞ்சம் இறங்கி, திடுக்கிட்டுக் கொஞ்சம் ஏறி, ஏறியதில் மிஞ்சிப்போய், மறுபடி இறங்கி, கீபோர்டுக்கு ஒரு ஓரமாகவே கடைசி வரைக்கும் வந்தது. இத்தனை மாதமாக, இத்தனை ஊருக்கு, இப்படித்தான் பாடியிருக்கிறான். அவளுக்குக் கண்ணை நிமிர்த்திப் பார்க்க முடியவில்லை. ஆனால் தெருவில் ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. குழந்தை ஒன்று தொட்டிலில் அந்தக் குரலுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்த பிறகுதான் பிச்சம்மாள் பேசினாள்.

"இந்தப் பய அப்பப்ப வழுக்குவான் பாத்துக்கோ. அவன் வழுக்குத எடம் வந்தா எங்களுக்கு வயித்துல பகீர்னு இருக்கும். நம்ம வீட்டுப் பிள்ள நடக்கப் பழகுத மாதிரி."

இதை நல்லது என்று சொல்வதா மோசம் என்று சொல்வதா என்று இசக்கிப்ரியாவுக்குத் தெரியவில்லை. அவள் ஃபோன் அதிர்ந்தது. காதுகுத்துப் பந்தலிலிருந்து தம்பி பேசினான், பின்னால் பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது.

"கேட்டியாக்கா?"

"கேட்டேன்."

"சத்தம் கேக்கா?"

"கேக்குலே. நல்லா கேக்கு." பால்துரை ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி இந்தப் பக்கம் திரும்பாமல் நின்றார். "ரெண்டாவது வரியில இருந்து சுதி எறங்குது. அப்புறம் சேரவே இல்ல."

அந்தப் பக்கம் பிள்ளையின் அழுகை மட்டும் வந்தது. விட்டுவிடுவான், மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிடுவான் என்று அவள் நினைத்தாள், சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க ஒரு வழி இருந்தால் எடுத்திருப்பாள். அவன் நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

"அப்ப சத்தம் வருது," என்றான். பிறகு, "எறங்குதது எங்கன்னு சொல்லிட்டே இருக்கியா? அங்கயே நில்லுக்கா," என்றான்.

அடுத்த பாட்டை ஆரம்பித்தான். அவள் ஃபோனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பனைகளைப் பார்த்து நின்றாள். இரண்டாவது வரி இறங்கியது, மேல போலே என்றாள். பாட்டு அவ்வளவு தூரம் வந்து, அவள் சொன்னது அவன் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த வரி முடிந்துவிட்டது, அவன் அடுத்த வரியை மேலே தூக்கினான், அடுத்த வரி கீழே இருக்க வேண்டிய வரி. கீழ, கீழ என்றாள். அதற்குள் அதுவும் முடிந்துவிட்டது. எவ்வளவு சீக்கிரம் சொன்னாலும் அவள் ஒரு வரி பிந்தியே இருந்தாள். நடந்துபோன பிழையை அவள் திருத்தினாள், அவன் வரப்போகிற வரியில் அதைத் திருத்தினான், ஆகவே வரப்போகிற வரியும் பிழையானது. இதில் அவன் செய்த இன்னொரு காரியமும் இருந்தது. சின்ன வயதிலிருந்து அக்கா எதைச் சொன்னாலும் வாய் தானாகச் சொல்கிற பதிலை அவன் ஒவ்வொரு முறையும் சொன்னான், மைக் வாயில் இருக்கிறது என்பதை மறந்து சொன்னான். அதனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும், எட்டு ஊரின் மேலும், பனைகளுக்கு மேலிருந்து, பெரிதாக, தெளிவாக, சரிக்கா என்று வந்தது.

முதல் தடவை தெரு நிமிர்ந்து பார்த்தது. மூன்றாவது தடவை ஒரு சிறுமி சிரித்தாள். பாட்டு பாதி போவதற்குள் எதிர்வீட்டுப் பெண்கள் வரி முடிகிற இடத்தில் தட்டைத் தட்டிவிட்டுச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள், அடுத்த தெருவிலும் சொல்வது கேட்டது, உப்பளத்துப் பக்கமிருந்தும் காற்றில் மெல்ல வந்தது. பாட்டே இப்படித்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மைக்கில சொல்லாதலே என்றாள் இசக்கிப்ரியா.

சரிக்கா, என்றன பனைகள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இனிப் பேசினால் அது இன்னும் வளரும், பேசாவிட்டால் அவன் தனியாகத் தடவிக்கொண்டு போவான், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவளால் முடியவில்லை. ஒரு வரி போனது, வழுக்கியபடியே போனது, அவள் ஒன்றும் சொல்லவில்லை. வரியின் முடிவில் அந்தச் சொல் வரவில்லை. பிச்சம்மாளின் கை பீடியின் பாதிச் சுற்றில் நின்றது. தெரு முழுவதும் பெண்கள் தட்டைப் பிடித்தபடி மேலே பார்த்தார்கள். அடுத்த வரியில் தம்பியின் குரல் மெலிந்தது, சட்டைப் பையில் இருக்கிற ஃபோன் செத்துவிட்டதோ, அக்கா போய்விட்டாளோ என்று தேடுகிற குரல், அது கீபோர்டை விட்டு விலகி விலகிப் போனது. அப்பா ஆட்டோவிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார்.

அவள் கையை எடுத்தாள்.

"பாடுலே."

அது போய்ச் சேர ஒரு வரி ஆயிற்று. பிறகு பனைகளுக்கு மேலிருந்து, கீபோர்டின் சுதியை விட்டு ஒரு மயிரிழை விலகாமல், சரிக்கா என்று வந்தது. தெரு அதை வாங்கிக்கொண்டது.